சீன ஜேட் கலையில் மீன் உருவம்

சீனாவில் ஜேட் என்னும் மணிக்கல்லில் மீன் உருவம் செய்யும் வழக்கம் புதிய கற்காலத்திலேயே தோன்றியது. யாங்சி ஆற்றின் கழிமுகப் பகுதியில் ஏறத்தாழ 5,000 ஆண்டுகளுக்கு முன் செழித்த லியாங்சூ பண்பாட்டினரும் மீன் வடிவைக் கல்லில் வடித்தனர். செதுக்குதல் என்று சொல்வது வழக்கமாயினும், நெஃப்ரைட் வகையைச் சேர்ந்த இக்கல் உளிக்கு எளிதில் இணங்காது ஆதலால், கடின மணலையும் நீரையும் இட்டுத் தேய்த்தே அதற்கு உருவம் கொடுத்தனர்.

ஷாங் அரசமரபைச் சேர்ந்த வூ திங்கின் துணைவி ஃபூ ஹாவின் கல்லறை 1976-இல் ஆன்யாங்கில் அகழப்பட்டபோது கிடைத்த 700-க்கும் மேற்பட்ட ஜேட் பொருள்களுள் மீன்களும் இருந்தன. ஷாங் மீன் பெரும்பாலும் ஒரு மெல்லிய தகடே. கண்ணுக்கு ஒரு வட்டம், செவுளுக்கு ஒரு வளைகோடு, துடுப்புக்கு நெருக்கமான இணைகோடுகள், கயிறு கோக்க வாயருகே ஒரு துளை என்பதோடு வேலை முடிந்துவிடும். சிலவற்றின் வால்நுனி கத்தியலகுபோல் தீட்டப்பட்டிருப்பதால், அவை அணியாக மட்டுமன்றிக் கருவியாகவும் பயன்பட்டிருக்கக்கூடும்.

மீன் வளத்தின் குறியீடு என்னும் விளக்கம் இன்று நூல்தோறும் காணப்படுகிறது. மீனைக் குறிக்கும் ‘யூ’ என்ற சொல்லும் மிகுதியைக் குறிக்கும் ‘யூ’ என்ற சொல்லும் இன்றைய சீனத்தில் ஒரே ஒலியுடையவை என்பதே அதன் அடிப்படை. ஆனால் பழஞ்சீனத்தில் மீனுக்குரிய சொல் ஙகர ஒலியில் தொடங்கியது (வியட்நாமியர் கடன்கொண்ட வடிவில் அவ்வொலி இன்றும் உள்ளது). மிகுதிக்குரிய சொல்லுக்கோ அவ்வொலி இல்லை. ஆகவே இச்சிலேடையை ஷாங் மீனின் மீது ஏற்றுவது பொருந்தாது. தாமரையோடு மீனைச் சேர்த்து ‘ஆண்டுதோறும் மிகுதி’ என்று வாழ்த்துவதும், மஞ்சளாற்றின் நாகவாயிலைத் தாண்டிய கெண்டை நாகமாவதைக் காட்டி அரசுத் தேர்வில் வெற்றியைச் சுட்டுவதும் பிற்காலக் கலையில் பெருகியவை.

சோங் அரசமரபின் காலத்தில் தொல்பொருள் ஆர்வம் மேலோங்கி, 1092-இல் லூ தாலின் பழங்கலங்களின் படத்தொகுப்பை இயற்றிய பின், பழைய வடிவங்களைப் பின்பற்றிச் செய்வது ஒரு தனி மரபாயிற்று. சிங் பேரரசர் சியான்லோங் தம் காலத்துப் பகட்டான பாணியைக் கடிந்து அம்மரபை ஊக்குவித்தார். 1759-இல் சின்ஜியாங் அவர் ஆட்சிக்குள் வந்ததும் அங்குள்ள ஹோட்டானின் ஜேட் கல் அரண்மனைப் பட்டறைகளுக்குத் தாராளமாகக் கிடைத்தது. பழமையைப் போலி செய்தோர் கல்லைச் சூடாக்கியும் சாயமேற்றியும் மண்ணில் புதைந்திருந்த தோற்றத்தை வரவழைத்தனர். எனவே ஒரு ஜேட் மீனின் பழுப்புக் கறை மட்டும் அதன் தொன்மைக்குச் சான்றாகாது.