களப்புக் கரையில் இருந்து அகில இலங்கைச் சம்பியன் வரை: ஹெபர்ட் அடிகளாரை நாம் ஏன் பேச வேண்டும்?

பாடசாலை விளையாட்டுப் போட்டிகள் தொடங்கினால் போதும், ஒவ்வொரு வருடமும் ஒரே பேச்சுத்தான் காதில் விழும். "மாகாணத்தில வெல்லுவாங்க சேர். தேசிய மட்டத்துக்குப் போனா கொழும்புக்காரனோட ஏலுமா?" கேட்பவர்கள் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. கண்டதை வைத்துத்தான் கேட்கிறார்கள்.

ஏணி எப்படிப் போகிறது என்று எல்லோருக்கும் தெரியும். கோட்டம், வலயம், மாகாணம், அதற்கு மேலே தேசியம். நமது மட்டக்களப்பு மத்தி வலயத்துக்கு இதில் தனிக் கஷ்டம் ஒன்று இருக்கிறது. காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி என்று ஒன்றையொன்று தொடாத மூன்று துண்டுகள் சேர்ந்ததுதான் நமது வலயம். வலய மட்டப் போட்டிக்கே பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றி, அடுத்த வலயங்களின் ஊர்களைத் தாண்டி, முப்பது கிலோமீற்றருக்கு மேல் கொண்டு போக வேண்டி வரும். அதைத் தாண்டினால் 17 வலயங்கள் கொண்ட மாகாணம். அதையும் வென்றால்தான் கொழும்பு, கண்டி, குருநாகல் அணிகளின் முகத்தையே பார்க்கலாம்.

ஆனால் "ஏலாது" என்ற தீர்ப்பை வரலாறு ஒத்துக்கொள்ளவில்லை. இதே களப்புக் கரையில் இருந்த ஒரு பாடசாலை அகில இலங்கைப் பாடசாலைக் கூடைப்பந்தாட்டத்தில் சம்பியனாக வந்திருக்கிறது. மட்டக்களப்பு நகரில் இருக்கும் புனித மிக்கேல் கல்லூரிதான் அது. அந்த அணிகளைப் பயிற்றுவித்தவர் அமெரிக்கரான யேசு சபைத் துறவி யூஜின் ஜோன் ஹெபர்ட்.

முதலில் விளையாட்டைப் பற்றி இரண்டு வார்த்தை. கூடைப்பந்தாட்டம் தானாக வளர்ந்த விளையாட்டு அல்ல, ஒரு ஆசிரியர் உண்டாக்கியது. 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில், வை.எம்.சீ.ஏ. பயிற்சிக் கல்லூரியில் உடற்கல்வி படிப்பித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித், பனிக்காலத்தில் உள்ளே அடைபட்டுக் குழப்படி செய்த மாணவர்களுக்காக இரண்டு பழக்கூடைகளை மேலே மாட்டி, 13 விதிகளை எழுதினார். பயிற்சிக் கல்லூரிகளில் இருந்து வந்த எங்களுக்கு இதைப் படிக்கையில் கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கும். குழப்படிக்கு மருந்தாக வந்த விளையாட்டு அது.

புனித மிக்கேல் கல்லூரிக்கு இந்த விளையாட்டைப் பெரிதாக்கியவர்கள் நியூ ஓர்லியன்ஸ் மாகாண யேசு சபையினர். அவர்களுக்கு முன்பு இங்கே பணி செய்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகுதான் அமெரிக்கர்கள் வரத் தொடங்கினார்கள். அவர்களில் ஒருவரான ஹரோல்ட் ஜோன் வெபர் அடிகளாரின் பெயரை நாம் இன்றும் தினமும் சொல்லுகிறோம். நகரத்து வெபர் மைதானம் அவர் பெயரில்தான் இருக்கிறது. உதைபந்தாட்டம் பார்க்கப் போகும் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு வெபர் என்பது ஒரு மனிதனின் பெயர் என்று தெரியும்?

ஹெபர்ட் 1923 ஒக்டோபர் 9ஆம் திகதி லூசியானா மாநிலத்தின் ஜென்னிங்ஸ் என்ற சிறு ஊரில் பிறந்தவர். 1948இல் இலங்கை வந்தார். பிறகு திரும்பிப் போய்க் குடியேறவே இல்லை. 42 வருடங்கள் இந்த மாகாணத்து மண்ணிலேயே கழிந்தன.

அவருடைய அணிகளுக்கு வாய்ப்பு எங்கிருந்து வந்தது என்பதுதான் ஆசிரியர்களாகிய நமக்கு முக்கியம். முதற்காரணம் விளையாட்டிலேயே இருக்கிறது. ஹொக்கியை எடுத்துப் பாருங்கள். நம் நாட்டில் மாத்தளை அதன் தாயகம். புல் மைதானம் இருந்த பாடசாலை எல்லாம் ஒரு காலத்தில் ஹொக்கி ஆடலாம். 1976 மொன்றியல் ஒலிம்பிக்கில் முதன்முறையாகச் செயற்கைத் தளத்தில் ஆடினார்கள். அதுவரை ஏழு தங்கம் வென்றிருந்த இந்தியா அந்த முறை ஏழாம் இடத்துக்குப் போனது. புல்லில் பழகிய கைக்கும் காலுக்கும் புதிய தளத்தில் வேலை இல்லாமல் போயிற்று. அப்படித் தளத்துக்குக் கோடிக்கணக்கில் கொட்ட வேண்டிய விளையாட்டில் ஒதுக்குப்புறப் பாடசாலைக்கு என்ன வாய்ப்பு? கூடைப்பந்துக்கோ ஒரு சீமெந்துத் தரை போதும். இரண்டு பலகை, இரண்டு வளையம், ஐந்து பேர். வளையத்தின் உயரம் கொழும்பிலும் 3.05 மீற்றர், மட்டக்களப்பிலும் 3.05 மீற்றர்.

இன்னொன்றும் உண்டு. மாகாணத்து அணிகளின் பெரிய குறை நல்ல எதிரணி கிடைக்காததுதான். கொழும்பில் ஒரு பாடசாலை மாதத்துக்கு நாலு பலமான அணிகளோடு மோதலாம். இங்கே அதே இரண்டு மூன்று அணிகளோடுதான் திரும்பத் திரும்ப ஆட வேண்டும். ஆனால் கூடைப்பந்தில் எதிரணி தேவைப்படாத ஒரு பகுதி இருக்கிறது. தண்டனை எறிதல். பலகையில் இருந்து 4.6 மீற்றர் தூரத்தில் கோடு. யாரும் மறிக்க மாட்டார்கள், யாரும் தள்ள மாட்டார்கள். ஒரு பிள்ளை விடியற்காலையில் தனியாக நின்று நூறு தரம் எறிந்து பழகலாம். பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுவது, கடத்துவது, காலை ஊன்றித் திரும்புவது எல்லாம் அப்படித்தான். ஹெபர்ட் வென்ற காலத்தில் மூன்று புள்ளிக் கோடு சர்வதேச விதிகளில் இல்லை, அது 1984இல்தான் வந்தது. தூரத்தில் நின்று எறிந்து கணக்கை மாற்ற முடியாத அந்த ஆட்டத்தில் அடிப்படை சரியாக இருந்தவனே வென்றான். அடிப்படைக்குத் தேவை பணம் அல்ல. ஒவ்வொரு நாளும் வந்து நிற்கும் ஒரு ஆள்.

இந்த இடத்தில்தான் நம் பாடசாலைகள் வழுக்குகின்றன என்பது எங்கள் அபிப்பிராயம். மாகாண மட்டத்துக்கு இரண்டு கிழமை இருக்கும்போது பயிற்சியாளர் தேடுகிறோம். அந்தச் சேர் இடமாற்றத்தில் போனால் விளையாட்டும் அவரோடு போய்விடுகிறது. ஹெபர்ட் போன்றவர்கள் எங்கேயும் போகவில்லை. பெரிய தந்திரம் எதுவும் இல்லாமலேயே அதுவே பாதி வெற்றி.

அந்தப் பிள்ளைகளின் பயணமும் லேசானதல்ல. மட்டக்களப்பில் இருந்து கொழும்புக்கு ரயில் பாதை முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். ஏறாவூர், வாழைச்சேனை, பொலன்னறுவை, கல்லோயா, மாஹோ என்று நின்று நின்று போக வேண்டும். அப்படிப் போய், ஊருக்குள்ளேயே தூங்கி எழுந்து வந்த அணியோடு ஆடி வென்றார்கள். அந்தக் கல்லூரியில் தமிழ்ப் பிள்ளைகளோடு பறங்கிப் பிள்ளைகளும் நம் முஸ்லிம் பிள்ளைகளும் படித்தார்கள் என்பதை இன்றைய தலைமுறைக்குச் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. இன்று ஒவ்வொரு ஊரின் பிள்ளையும் அவரவர் ஊர்ப் பாடசாலையிலேயே படித்து முடிக்கிறது.

பிற்காலத்தில் ஹெபர்ட் கிழக்குத் தொழில்நுட்ப நிறுவகத்தை நடத்தினார். படிப்பில் பின்தங்கிய இளைஞர்களுக்குத் தொழில் கற்றுக்கொடுத்த இடம் அது. யுத்தம் இறுகியபோது மட்டக்களப்புச் சமாதானக் குழுவில் சேர்ந்து, காணாமற்போனவர்களுக்காகக் குரல் கொடுத்தார்.

1990க்கு வருவோம். எங்கள் வயதுக்காரர்கள் அப்போது கைக்குழந்தைகள். அந்த வருடத்தைப் பெற்றோரின் வாயிலிருந்துதான் அறிந்தோம். ஜூனில் யுத்தம் மறுபடி மூண்டது. ஓகஸ்ட் 3ஆம் திகதி இரவு காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்ற நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். ஓகஸ்ட் 11 நள்ளிரவைத் தாண்டி ஏறாவூரில் பெண்களும் குழந்தைகளுமாக இன்னும் நூற்றுக்கு மேற்பட்டோர். செப்டம்பரில் வந்தாறுமூலை முகாமில் இருந்து தமிழ் இளைஞர்கள் கொண்டு செல்லப்பட்டார்கள். அதன் பிறகு சத்துருக்கொண்டான். இந்தத் திகதிகளை ஒரு பக்கம் மட்டும் பாடமாக்கி வைத்திருப்பது நம் இரு சமூகத்திலும் இருக்கும் பழக்கம்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு திகதி இருக்கிறது. ஓகஸ்ட் 15. வாழைச்சேனையில் சிக்கியிருந்த கன்னியாஸ்திரிகளின் பாதுகாப்பைப் பார்க்கப் போன ஹெபர்ட், ஒரு தமிழ் இளைஞரையும் ஏற்றிக்கொண்டு ஸ்கூட்டரில் மட்டக்களப்புக்குத் திரும்பினார். இருவரும் வந்து சேரவில்லை. அவருக்கு அப்போது 66 வயது. உடல்கள் கிடைக்கவில்லை. எந்த நீதிமன்றமும் யாரையும் குற்றவாளியாக்கவில்லை.

வாழைச்சேனையில் இருந்து நகருக்கு வரும் வீதி கிரான், வந்தாறுமூலை, செங்கலடி என்று வந்து ஏறாவூரைத் தொட்டுத்தான் போகிறது. ஏறாவூரில் ஜனாஸாக்களை அடக்கி நாலு நாள்கூட ஆகாத நேரம் அது. அதனால் சந்தேகப் பேச்சில் நம்மவர்களும் அடிபட்டார்கள். இன்றும் அடிபடுகிறார்கள். இதை எழுதினால் சிலருக்குக் கோபம் வரும் என்று தெரியும். நம் மரணங்களை உலகம் பேச வேண்டும் என்று ஒவ்வொரு ஓகஸ்ட்டிலும் கேட்கிறோம். அந்த உரிமை நமக்கு உண்டு. அதே மாதத்தில், நம் ஊர் வழியாக வர வேண்டிய ஒரு வாத்தியார் வந்து சேரவில்லை என்பதையும் நம் வாயாலேயே சொல்லுவோம். செய்தவர் யாராக இருந்தாலும், இழந்தது இந்த மாவட்டத்துப் பிள்ளைகள்.

அந்த இழப்பை விளையாட்டிலும் அளக்கலாம். ரயில் ஓடாத வருடங்கள், சோதனைச் சாவடியில் இறங்கி ஏறிய வருடங்கள், இருட்டுவதற்குள் வீடு சேர வேண்டியிருந்ததால் மாலைப் பயிற்சியே இல்லாத வருடங்கள். ஒரு தமிழ் அணியும் ஒரு முஸ்லிம் அணியும் நட்புக்காக ஆடக்கூட முடியாத காலம் அது. நல்ல எதிரணி இல்லை என்று மேலே சொன்னோமே, அந்தக் குறையில் ஒரு பங்கை நாமே உண்டாக்கினோம். காத்தான்குடிக்கும் ஆரையம்பதிக்கும் நடுவே எவ்வளவு தூரம்? ஏறாவூருக்கும் செங்கலடிக்கும்? கொழும்பு அணிகளுக்கு அரை மணித்தியாலத்தில் கிடைக்கும் எதிரணி நமக்கு ஐந்து நிமிடத்தில் இருக்கிறது.

புனித மிக்கேலில் அந்தக் காலத்தில் படித்த நம் மூத்தவர்கள் சிலர் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். உங்கள் வாப்பாவோ மாமாவோ அங்கே படித்திருந்தால் போய்க் கேளுங்கள். வீட்டுப் பெட்டியில் பழைய குழுப் படம் ஏதும் கிடந்தால் எடுத்து, பின் வரிசையில் நிற்பவர்களின் பெயர்களையும் அவர்கள் வாயால் சொல்லச் சொல்லி எழுதி வையுங்கள்.