ஆழமில்லாத கடலுக்கு ஏற்ற கப்பல்

காவேரிப்பட்டினம் என்றதும் பலருக்குப் பூம்புகார்தான் நினைவுக்கு வரும். கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் ஒரு காவேரிப்பட்டினம் உண்டு. தென்பெண்ணைக் கரையில் உள்ள இந்த ஊருக்குக் கடல் வெகு தூரம். அந்தப் பக்கத்தில் பேர்பெற்ற படகு ஒகேனக்கல் பரிசல்தான். அடி தட்டையாக இருப்பதால் குறைந்த தண்ணீரிலும் அது மிதந்துவிடும்.

கடலிலும் இதே கணக்குதான். சரக்கு கூடினால் வருமானம் கூடும். ஆனால் கப்பல் தண்ணீரில் மேலும் அமிழும். ஆழம் போதாவிட்டால் தரை தட்டிவிடும். தமிழகத்துக்கும் இலங்கைக்கும் இடையே உள்ள கடலில் இந்தச் சிக்கல் மிகப் பழையது. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ரோமானிய எழுத்தாளர் பிளினி இதைப் பதிவு செய்திருக்கிறார். அக்கடல் ஆறு பாசஸுக்கு, அதாவது சுமார் 9 மீட்டருக்கு மேல் ஆழமில்லை. ஆனால் நடுவில் நங்கூரம் எட்டாத ஆழத்தில் சில வழிகள் உண்டு என்கிறார். அந்தக் குறுகிய வழிகளில் கப்பலைத் திருப்ப முடியாது. ஆகவே இரு முனையிலும் முகப்பு வைத்துக் கப்பல் கட்டினார்களாம். அவை 3,000 ஆம்போரா, அதாவது ஏறத்தாழ 78,000 லிட்டர் அளவுக்குச் சரக்கு கொள்ளும்.

இதற்கு நேர்மாறான முயற்சி சேதுசமுத்திரத் திட்டம். கப்பலுக்காகக் கடலையே 12 மீட்டர் ஆழத்துக்குத் தோண்டும் பணி 2005 ஜூலை 2 அன்று தொடங்கியது. ஆதாம் பாலத்தைச் சேதப்படுத்தக் கூடாது என்று 2007-ல் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவிட்டது. பின்னர் திட்டம் முடங்கிப்போனது.

தூத்துக்குடியிலிருந்து சென்னைக்குப் போகும் பெரிய கப்பல்கள் இன்றும் இலங்கையைச் சுற்றித்தான் போகின்றன.