கல்லூரியிலிருந்து தொழில்முறைக்கு: அமெரிக்க உதைபந்தாட்டத்தின் கணிக்க முடியாத வீரர் தெரிவு

ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் மாத இறுதியில் அமெரிக்காவின் ஏதாவதொரு நகரில் மேடை அமைத்து, மூன்று நாட்களுக்குப் பெயர்கள் வாசிக்கப்படுகின்றன. போட்டி எதுவும் நடப்பதில்லை. ஆயினும் 2024ஆம் ஆண்டு டெட்ரொயிட் நகரில் இதைக் காண 7 இலட்சத்து 75 ஆயிரத்துக்கும் அதிகமானோர் திரண்டனர். கல்லூரி மாணவர்களாக விளையாடிய இளைஞர்களைத் தொழில்முறைக் கழகங்கள் தெரிவு செய்யும் இந்த நிகழ்வையே அமெரிக்கர்கள் 'ட்ராப்ட்' என்கின்றனர்.

இங்கு பேசப்படுவது நாம் அறிந்த உதைபந்தாட்டம் அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடும் அமெரிக்க உதைபந்தாட்டம். அதன் உச்ச அமைப்பு என்.எப்.எல். எனப்படும் தேசிய உதைபந்தாட்ட லீக். அங்குள்ள 32 கழகங்களும் மில்லியன் கணக்கில் செலவிட்டு, மாதக் கணக்கில் ஆராய்ந்த பின்னரே ஒரு பெயரை வாசிக்கின்றன. அப்படியிருந்தும் அவற்றின் கணிப்பு மீண்டும் மீண்டும் பொய்த்துப் போகிறது.

முறை என்ன?

ஐ.பி.எல். ஏலத்தில் அதிக பணம் கேட்கும் அணிக்கே வீரர் கிடைப்பார். ட்ராப்டில் பணம் பேசுவதில்லை, முறைதான் பேசுகிறது. லங்கா பிரீமியர் லீக்கும் 2023இல் ஏலத்துக்கு மாறும் வரை இத்தகைய முறையையே பின்பற்றியது.

என்.எப்.எல். தெரிவு ஏழு சுற்றுகளைக் கொண்டது. முந்தைய பருவகாலத்தில் மிக மோசமாக ஆடிய அணிக்கு முதல் வாய்ப்பும், சுப்பர் போல் கிண்ணத்தை வென்ற அணிக்குச் சுற்றின் கடைசி வாய்ப்பும் வழங்கப்படும். பலவீனமான அணி பலம் பெற வேண்டும் என்பதே நோக்கம். கழகங்கள் தமது முறையைத் தமக்குள் பரிமாறிக்கொள்ளலாம். இன்றைய இடத்தோடு எதிர்வரும் ஆண்டுகளின் இடங்களையும் கொடுத்து முன்னுக்கு வரலாம். உயர்தரப் பாடசாலையை விட்டு மூன்று ஆண்டுகள் கடந்தவர்களே தெரிவுக்குத் தகுதி பெறுவர்.

முதல் பெயரே ஆடவில்லை

இந்த யோசனையை முன்வைத்தவர் பிலடெல்பியா ஈகிள்ஸ் அணியின் உரிமையாளர் பேர்ட் பெல். முதலாவது தெரிவு 1936 பெப்ரவரி 8ஆம் திகதி பிலடெல்பியாவில் நடைபெற்றது. முதலாவதாக வாசிக்கப்பட்ட பெயர் சிக்காகோ பல்கலைக்கழகத்தின் ஜே பேர்வாங்கர். கல்லூரி வீரர்களுக்கான உயர் விருதான ஹைஸ்மன் கிண்ணத்தை முதன்முதலில் வென்றவரும் அவரே. ஈகிள்ஸ் அவருக்கான உரிமையைச் சிக்காகோ பெயார்ஸ் அணிக்குக் கைமாற்றியது. சம்பளத்தில் உடன்பாடு ஏற்படவில்லை. பேர்வாங்கர் என்.எப்.எல்.இல் ஒரு போட்டியில்கூட ஆடாமல் வேறு தொழிலுக்குப் போய்விட்டார்.

1998: மானிங்கும் லீஃபும்

அணியின் தாக்குதலை வழிநடத்திப் பந்தை எறிபவர் குவார்ட்டர்பெக். மிக முக்கியமான இந்த நிலைக்கான தெரிவே மிக அதிகமாகத் தவறுவதும் ஆகும். 1998இல் பெய்ட்டன் மானிங், ரயன் லீஃப் ஆகிய இருவரில் யார் சிறந்தவர் என்பதே விவாதமாக இருந்தது. இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் மானிங்கைத் தெரிவு செய்தது. மூன்றாம் இடத்திலிருந்த சான் டியேகோ சார்ஜர்ஸ், ஓர் இடம் முன்னேறி லீஃபைப் பெறுவதற்காக அடுத்த ஆண்டின் முதற்சுற்று வாய்ப்பு, ஓர் இரண்டாம் சுற்று வாய்ப்பு, இரண்டு வீரர்கள் ஆகியவற்றைக் கொடுத்தது.

பருவகாலம் தொடங்கியபோது லீஃபின் அணி முதல் இரு போட்டிகளையும் வென்றது. மானிங்கின் அணி முதல் நான்கையும் தோற்றது. அந்த ஆண்டில் மானிங் எறிந்த 28 பந்துகளை எதிரணியினர் பிடித்தனர். அறிமுக வீரர் ஒருவருக்கு அது வேண்டாத சாதனை. அன்றைய நிலையில் எவரும் உறுதியாகத் தீர்ப்புச் சொல்லியிருக்க முடியாது. ஆனால் மானிங் ஐந்து முறை லீக்கின் பெறுமதிமிக்க வீரர் விருதையும் இரண்டு சுப்பர் போல்களையும் வென்றார். லீஃபோ 25 போட்டிகளில் 14 டச்டவுன் எறிதல்களுடனும், எதிரணி பிடித்த 36 எறிதல்களுடனும் தன் விளையாட்டு வாழ்வை முடித்துக்கொண்டார்.

199உம் 262உம்

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் டொம் பிரேடி 2000ஆம் ஆண்டு ஆறாம் சுற்றில் 199ஆவதாகவே தெரிவானார். அவருக்கு முன் ஆறு குவார்ட்டர்பெக்குகள் தெரிவாகியிருந்தனர். 40 யார் ஓட்டத்தை அவர் 5.28 செக்கன்களில் முடித்தார். அது மந்தமான வேகம். 2001 செப்டெம்பரில் நியூ இங்கிலண்ட் பேட்ரியட்ஸ் அணியின் முதன்மை குவார்ட்டர்பெக்கான ட்ரூ பிளெட்சோ காயமடைந்ததால் பிரேடிக்கு இடம் கிடைத்தது. பிளெட்சோ 1993இல் முதலாவதாகத் தெரிவானவர். பிரேடி ஏழு சுப்பர் போல்களை வென்றார். அவற்றில் முதலாவதில் அவரை எதிர்த்து ஆடிய கேர்ட் வோர்னரை எந்தக் கழகமுமே தெரிவு செய்திருக்கவில்லை. ஒரு காலத்தில் அயோவாவில் பலசரக்குக் கடையொன்றில் பொருட்களை அடுக்கும் வேலை செய்தவர் அவர்.

இன்னும் அண்மைய உதாரணம் சான் பிரான்சிஸ்கோ 49அர்ஸ். 2021இல் மூன்றாம் இடத்துக்கு முன்னேறி ட்ரே லான்ஸைப் பெற, அந்தக் கழகம் மூன்று முதற்சுற்று வாய்ப்புகளையும் ஒரு மூன்றாம் சுற்று வாய்ப்பையும் விட்டுக்கொடுத்தது. கொவிட் காரணமாக லான்ஸ் அதற்கு முந்தைய பருவகாலத்தில் ஒரேயொரு கல்லூரிப் போட்டியிலேயே ஆடியிருந்தார். 49அர்ஸ் அணிக்காக நான்கு போட்டிகளில் மட்டுமே ஆரம்ப வீரராகக் களமிறங்கினார், கணுக்கால் முறிந்தது, 2023இல் ஒரு நான்காம் சுற்று வாய்ப்புக்குப் பகரமாக டலஸ் அணிக்கு அனுப்பப்பட்டார்.

அதே கழகம் 2022இல் 262ஆவதாக, அதாவது அந்த ஆண்டின் கடைசிப் பெயராக, ப்ரொக் பேர்டியைத் தெரிவு செய்தது. கடைசியாகத் தெரிவாகுபவரை 'பொருட்படுத்தத் தேவையற்றவர்' என்று கேலியாக அழைப்பது வழக்கம். லான்ஸும் அவருக்கு அடுத்தவரும் காயமடைய, பேர்டி களமிறங்கினார். 2024 பெப்ரவரியில் அணியைச் சுப்பர் போல் வரை கொண்டுசென்று, மேலதிக நேரத்தில் 25-22 எனத் தோற்றார். 2025இல் 265 மில்லியன் டொலர் ஒப்பந்தம் பெற்றார். கோடிக்கணக்கில் விலை கொடுத்த கணிப்புத் தவறியதும், ஒப்புக்குச் செய்த தெரிவு பலித்ததும் ஒரே நிர்வாகத்தின் கையில்தான்.

ஏன் தவறுகிறது?

முதற்காரணம், இரண்டும் ஒரே விளையாட்டு அல்ல. கல்லூரியில் எதிரணியில் நிற்பவர்களில் பெரும்பாலானோர் ஒருபோதும் தொழில்முறைக்கு வரமாட்டார்கள். என்.எப்.எல்.இல் எதிரே நிற்பவர் ஒவ்வொருவரும் தத்தமது கல்லூரியின் நட்சத்திரம். கல்லூரியில் வெறுமையாக நிற்கும் நண்பருக்குப் பந்தை எறிந்தவர், இங்கு கண்ணிமைக்கும் நேரத்தில் மூடிவிடும் இடைவெளிக்குள் எறிய வேண்டும்.

இரண்டாவது, அளக்க முடிந்தது வேறு, தேவையானது வேறு. இண்டியானாபொலிஸில் நடக்கும் உடற்றகுதிச் சோதனை முகாமில் 40 யார் ஓட்டம், பாய்ச்சல், 225 இறாத்தல் எடையை எத்தனை தடவை தூக்க முடியும் என்பன அளக்கப்படுகின்றன. அழுத்தத்தில் எடுக்கும் முடிவை அளக்கும் கருவி கிடையாது. பல ஆண்டுகளாக நடத்தப்பட்ட எழுத்துமூல நுண்ணறிவுச் சோதனையும் 2022இல் அந்த முகாமிலிருந்து கைவிடப்பட்டது.

மூன்றாவது, போய்ச் சேரும் இடம். 2018இல் மூன்றாவதாகத் தெரிவான சாம் டார்னல்ட், நியூயோர்க் ஜெட்ஸ் அணியில் தோல்வியுற்றவராகவே மதிப்பிடப்பட்டார். 2024இல் மினசோட்டா அணியில் 17 போட்டிகளில் 14ஐ வென்றார். தெரிவு தவறா, வளர்த்த விதம் தவறா என்பதைப் பிரித்துப் பார்ப்பது எளிதல்ல.

நான்காவது, காயம். தென் கரோலினா பல்கலைக்கழகத்தின் மார்க்கஸ் லட்டிமோர் 2012இல் முழங்காலில் கடுமையாகக் காயமடைந்தார். அடுத்த ஆண்டு நான்காம் சுற்றில் தெரிவானாலும், ஒரு போட்டியிலும் ஆடாமலே ஓய்வு பெற்றார். ஆனால் 2003 ஜனவரியில் அதேபோல் முழங்கால் கிழிந்த வில்லிஸ் மக்காஹி, முதற்சுற்றில் தெரிவாகிப் பல ஆண்டுகள் ஆடினார்.

ஆய்வு சொல்வது

பொருளியலாளர்களான கேட் மாசியும், பின்னர் நோபல் பரிசு பெற்ற ரிச்சர்ட் தாலரும் இதை ஆராய்ந்தனர். ஒரே நிலையில் ஆடும் இருவரில் முன்னதாகத் தெரிவானவர், அவருக்கு அடுத்துத் தெரிவானவரைவிடச் சிறப்பாக ஆடும் வாய்ப்பு 52 சதவீதமே எனக் கண்டனர். நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதைவிடச் சற்றே மேல்.

முன்னதாகத் தெரிவானவர்கள் சராசரியில் சிறப்பாகவே ஆடுகின்றனர். எனவே இது வெறும் அதிர்ஷ்டச் சீட்டல்ல. ஆனால் அன்றைய சம்பள முறையில், கொடுத்த பணத்துக்கு மேலான பயனை அதிகம் தந்தவர்கள் உச்சியில் இருந்தவர்கள் அல்லர். இரண்டாம் சுற்றின் தொடக்கத்தில் தெரிவானவர்களே. தமது கணிப்பில் அளவுக்கு மீறிய நம்பிக்கை வைத்துக் கழகங்கள் முன்னேற விலை கொடுக்கின்றன என்பது அவர்களின் முடிவு.

2011இல் புதிய வீரர் சம்பளத்துக்கு எல்லை வகுக்கப்பட்டது. 2010இல் முதலாவதாகத் தெரிவான சாம் பிராட்ஃபோர்டுக்கு 50 மில்லியன் டொலர் உத்தரவாதம் கிடைத்தது. அடுத்த ஆண்டு முதலாவதாக வந்த காம் நியூட்டனின் நான்காண்டு ஒப்பந்தத்தின் முழுப் பெறுமதியே ஏறத்தாழ 22 மில்லியன். தவறான தெரிவினால் கழகத்துக்கு ஏற்படும் இழப்பு பெருமளவு குறைந்தது.

யாருக்கு இழப்பு?

வீரர் தரப்பில் கணக்கு வேறு. தான் எங்கு வேலை செய்வது என்பதை அவர் தீர்மானிப்பதில்லை. 1983இல் ஜோன் எல்வே போல் மறுத்து, வேறு அணிக்கு மாறும் பலம் மிகச் சிலருக்கே உண்டு. 1968இல் வொஷிங்டன் அணியால் முதற்சுற்றில் தெரிவான ஜேம்ஸ் 'யாசூ' ஸ்மித், முதல் ஆண்டிலேயே கழுத்தில் காயமடைந்து விளையாட்டை இழந்தார். பல கழகங்களுடன் பேரம் பேச முடிந்திருந்தால் தக்க பாதுகாப்புள்ள ஒப்பந்தம் பெற்றிருப்பேன் என வழக்குத் தொடுத்தார். அன்றைய தெரிவு முறை போட்டிச் சட்டத்தை மீறியது என 1978இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வீரர் சங்கத்துடனான கூட்டு ஒப்பந்தத்தின் பாதுகாப்பிலேயே இன்று ட்ராப்ட் தொடர்கிறது.

கடைசியில் தெரிவான பேர்டி, தன் முதல் மூன்று பருவகாலங்களில் ஆண்டுக்கு ஒரு மில்லியன் டொலருக்கும் குறைந்த சம்பளத்துக்கே ஆடினார். கணிப்புத் தவறி 262ஆம் இடத்தில் கிடைத்த வீரர் கழகத்துக்கு இலாபம். கழகம் தவறினால் அடுத்த ஏப்ரலில் அதற்கு இன்னும் ஏழு சுற்றுகள் இருக்கின்றன. அந்த மேடையில் தன் பெயர் வாசிக்கப்படும் வாய்ப்பு இளைஞருக்கு ஒரு தடவைதான்.