மொழிபெயர்ப்பாளர் கேட்ட கேள்வி

வேதாகமத்தை வேற்று மொழிகளிற் பெயர்த்த பாதிரிமார்களின் பெயர்களை வரலாறு பேணி வைத்திருக்கிறது. அவர்களுக்கு அருகில் அமர்ந்து, “இந்தச் சொல் எங்கள் நாட்டில் இப்பொருளில் வழங்காது; அந்தச் சொல்லைப் போடுங்கள்” என்று திருத்திக் கொடுத்த உள்நாட்டு மக்களின் பெயர்கள் நூல்களின் முகப்பில் ஏறுவது அரிது. மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்டவன் என்பதால் அத்தகையவர்கள்மீது எனக்கு ஒரு தனிப் பற்று உண்டு. அவர்களுள் ஒருவரான வில்லியம் நிகிடி என்னும் ஜூலு இனத்தவர், சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டில் ஒரு கேள்வி கேட்டார். அக்கேள்வி ஆங்கிலத் திருச்சபையை ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கலக்கியது.

இடம், தென்னாப்பிரிக்காவின் நேட்டால் மாகாணம். அதன் தலைநகரான பீட்டர்மாரிட்ஸ்பர்க் நமக்குப் புதிய ஊரன்று. 1893ஆம் ஆண்டில் முதல் வகுப்புப் பயணச்சீட்டு வைத்திருந்த இளம் வழக்கறிஞர் காந்தியை இரயிலிலிருந்து இறக்கிவிட்ட ஊர் அதுவே. நான் சொல்லப்போகும் நிகழ்ச்சி அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முந்தியது. ஊருக்குச் சில மைல் தூரத்தில் எகுகன்யேனி என்ற பெயரில் ஒரு கிறிஸ்தவ நிலையம் இருந்தது. ஜூலு மொழியில் அதற்கு ‘ஒளியின் இடம்’ என்று பொருள். அங்கு வாழ்ந்தவர் நேட்டாலின் முதல் ஆங்கிலிக்கன் பிஷப்பாகிய ஜான் வில்லியம் கொலென்சோ.

கொலென்சோ 1814இல் கார்ன்வாலில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் கணிதத் தேர்வில் இரண்டாமிடம் பெற்றவர். அவர் எழுதிய எண்கணித நூலும் இயற்கணித நூலும் ஆங்கிலப் பள்ளிகளில் நெடுங்காலம் வழங்கின. 1853இல் பிஷப்பாகி, 1855இல் குடும்பத்தோடு நேட்டாலிற் குடியேறினார். அவரைச் சாம்ராஜ்யத்தின் பகைவர் என்று எண்ணிவிடலாகாது. ஜூலுத் தலைவர்களின் பிள்ளைகளுக்கு அவர் நடத்திய பள்ளிக்கு அரசாங்கத்தின் ஆதரவு இருந்தது; சுதேசிகள் விவகாரத்தைக் கவனித்த தியோபிலஸ் ஷெப்ஸ்டன் அவருக்கு நெருங்கிய நண்பர். பிரிட்டிஷ் ஆட்சியும் கிறிஸ்தவமும் சேர்ந்து ஆப்பிரிக்கரை உயர்த்தும் என்று மனமார நம்பி வந்தவர் அவர்.

வந்தவர் முதலிற் செய்தது மொழி கற்றதுதான். இலக்கணம் எழுதினார்; 1861இல் ஜூலு–ஆங்கில அகராதி வெளியிட்டார்; புதிய ஏற்பாட்டைப் பெயர்த்தார். இவை அனைத்துக்கும் உடனிருந்து உதவியவர் நிகிடி. 1859இல் கொலென்சோ ஜூலு மன்னர் ம்பாண்டேயைக் காணச் சென்றபோது நிகிடியும் உடன் சென்றார். அப்பயணத்தைப் பற்றி அவரும் வேறிரு ஜூலு இளைஞரும் தங்கள் மொழியில் எழுதிய குறிப்புகள் அடுத்த ஆண்டே அச்சேறின. ஆகவே அவரைப் பிஷப்புக்குச் சொற்களை எடுத்துக் கொடுத்த எடுபிடி என்று கருதுவது தவறு. அவர் எழுதத் தெரிந்தவர், எண்ணிப் பார்க்கத் தெரிந்தவர்.

ஆதியாகமத்தில் நோவாவின் வெள்ளப் பெருக்கைப் பெயர்த்துக் கொண்டிருந்தபோது நிகிடி தலை நிமிர்ந்து கேட்டார்: இவையெல்லாம் உண்மையில் நிகழ்ந்தவையா? வெப்ப நாட்டு விலங்குகளும் குளிர் நாட்டு விலங்குகளும் இணை இணையாக வந்து ஒரே மரக்கலத்தில் ஏறினவா? அத்தனைக்கும், அவற்றுள் ஊன் உண்பவற்றுக்கும், நோவா உணவு சேர்த்து வைத்தாரா?

பாமரத்தனமான கேள்வி என்று தள்ளிவிட்டு மேலே செல்ல எத்தனையோ பாதிரிமாருக்கு முடிந்திருக்கும். கொலென்சோவால் முடியவில்லை. அவர் நிலவியல் படித்தவர். பிரான்ஸ் நாட்டின் ஓவேர்ன் பகுதியில் பழைய எரிமலைக் குன்றுகள் உள்ளன; அவற்றின்மேல் நுரைக்கல்லும் சாம்பலும் இன்றும் படிந்து கிடக்கின்றன. அக்குன்றுகள் நோவாவின் காலமாகச் சொல்லப்பட்டதற்கு மிகவும் முந்தியவை. உலகம் முழுவதையும் ஒரு வெள்ளம் மூடியிருந்தால் இலேசான அச்சாம்பல் அடித்துச் செல்லப்படாமல் எப்படித் தங்கியிருக்கும்? இதை அறிந்திருந்த ஒருவர், தம்மை நம்பிக் கேட்கும் மனிதரிடம் ‘ஆம், நிகழ்ந்தது’ என்று சொல்ல நா எழவில்லை. கடவுளின் பெயரால் பொய் சொல்வதா என்பதே அவரை உறுத்திய வினா.

இன்னுமோர் இடம் இதைவிடக் கூர்மையாகத் தைத்தது. எசமானன் அடித்த அடிமை உடனே சாகாமல் ஓரிரு நாள் உயிரோடிருந்தால் எசமானனுக்குத் தண்டனையில்லை, அடிமை அவனுடைய பணமே என்று யாத்திராகமத்தில் ஒரு விதி வருகிறது. மனித குலத்துக்கெல்லாம் தந்தையான இறைவன் இப்படியொரு சொல்லைச் சொல்லியிருப்பானா என்று நிகிடி வெறுப்பும் வியப்புமாய்க் கேட்டார். வெள்ளத்தைப் பற்றிய கேள்வி அறிவிலிருந்து வந்தது. இது அறத்திலிருந்து வந்தது. என் எண்ணத்தில் இரண்டாவதே பெரிய கேள்வி.

பிஷப், தமக்கு நன்கு பழக்கமான கருவியைக் கையிலெடுத்தார். அது கணக்கு. மோசேயின் ஐந்து ஆகமங்களையும் ஒரு தேர்வுத் தாளைத் திருத்துவதுபோல் ஆராய்ந்தார். எகிப்துக்குச் சென்ற யாக்கோபின் குடும்பத்தார் 70 பேர். நான்கு தலைமுறைக்குப் பின் அவர்கள் வெளியேறும்போது போர் செய்யத் தக்க ஆடவர் மட்டும் 6 இலட்சம். ஆகவே மக்கள்தொகை 20 இலட்சத்துக்குக் குறையாது. இது எவ்வாறு கூடும்? ஆடவர் அனைவரும் ஆசரிப்புக் கூடாரத்தின் வாயிலில் கூடுவதாயின், அதன் அகலத்துக்கு வரிசைக்கு ஒன்பது பேராக நெருங்கி நின்றாலும் அவ்வரிசைகள் ஏறக்குறைய 20 மைல் நீளும். இவ்வாறு பக்கம் பக்கமாகக் கணக்கிட்டு, இந்நூல்கள் பிற்காலத்தார் பலர் தொகுத்தவை, எழுத்துக்கு எழுத்து வரலாறு அல்ல என்று முடிவு கூறினார். நூலின் முதற் பகுதி 1862இல் இலண்டனில் வெளிவந்தது. ஏழாவதும் கடைசியுமான பகுதி 1879இல்.

டார்வினின் நூல் வெளியாகி மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்த காலம் அது. ஜெர்மானிய அறிஞர் இதுபோன்ற முடிவுகளை முன்னரே எழுதியிருந்தனர். ஆனால் அவர்கள் பேராசிரியர்கள், எழுதியதோ ஜெர்மன் மொழியில். இவரோ பதவியிலிருக்கும் பிஷப். எழுதியது எவரும் படித்தறியும் ஆங்கிலத்தில். கவிஞரும் திறனாய்வாளருமான மாத்யூ ஆர்னால்டுகூட, இத்தகைய செய்திகளைக் கல்லாத பொதுமக்கள்முன் கொட்டுவது தகாது என்ற பாங்கில் கடிந்து எழுதினார். ‘காட்டுமிராண்டியைக் கிறிஸ்தவனாக்கப் போனவரைக் காட்டுமிராண்டி மாற்றிவிட்டான்’ என்று ஏளனம் பிறந்தது. அந்த ஏளனத்தில் ஓர் உண்மை அடங்கியிருந்ததை ஏளனம் செய்தவர்கள் உணரவில்லை. கேள்வி கேட்கும் உரிமை ஐரோப்பியனுக்கே உரியது, ஆப்பிரிக்கன் விடை பெறுவதற்கு மட்டுமே உள்ளவன் என்ற எண்ணம் அங்கே உடைந்து போயிருந்தது.

1863இன் இறுதியில் கேப் டவுன் தலைமைப் பிஷப் ராபர்ட் கிரே, கொலென்சோவை விசாரித்துப் பதவியிலிருந்து நீக்கினார். கொலென்சோ அதை ஏற்கவில்லை. வழக்கு இலண்டன் பிரிவி கௌன்சிலுக்குச் சென்றது. 1865இல் வந்த தீர்ப்பு விந்தையானது. மதக் கொள்கையை நீதிபதிகள் தொடவேயில்லை. தனக்கெனச் சட்டசபை பெற்றுவிட்ட குடியேற்ற நாட்டில், அரசியார் வெறும் பட்டயத்தின் மூலம் ஒரு பிஷப்புக்கு மற்றொரு பிஷப்பைத் தண்டிக்கும் அதிகாரத்தை வழங்க முடியாது என்றனர். கிரே விடவில்லை. அடுத்த ஆண்டு சபை விலக்கு அறிவித்தார். 1869இல் போட்டிப் பிஷப் ஒருவரையும் அமர்த்தினார். சிறிய மாகாணம் ஒன்றில் இரண்டு பிஷப்புகள்! இக்குழப்பத்தின் எதிரொலியாகவே 1867இல் ஆங்கிலிக்கன் பிஷப்புகளின் முதலாவது லாம்பெத் மாநாடு கூடிற்று. இங்கிலாந்தில் அரசின் அங்கமாயிருந்த திருச்சபை, கடல் கடந்ததும் உறுப்பினர் தாமே சேர்ந்து நடத்தும் ஒரு சங்கம்போல ஆயிற்று. சாம்ராஜ்யம் விரிய விரிய, மதத்துக்கும் அரசுக்கும் இடையிலிருந்த பழைய கட்டு நெகிழ்ந்தது. இதை எந்தத் தத்துவ ஞானியும் திட்டமிடவில்லை. வழக்குகள் செய்த வேலை இது.

இனி, மொழிபெயர்ப்பாளரை உறங்கவிடாத மற்றொரு சிக்கல். கடவுளை ஜூலு மொழியில் என்னவென்று சொல்வது? ஜூலு மக்களுக்குச் சமயமே இல்லை என்று முதலில் வந்த வெள்ளையர் பலர் எழுதிவிட்டுப் போயினர். கோவிலும் பூசாரியும் புனித நூலும் தம் கண்ணிற் படாததால் அங்கே ஒன்றுமில்லை என்று அவர்கள் முடிவு கட்டினர். மக்களின் நிலத்தைக் கைப்பற்ற நினைப்பவர்க்கு அம்முடிவு வசதியாகவும் இருந்தது. பாதிரிமார் அண்டை இன மக்களிடமிருந்து ‘உதிக்ஸோ’ என்ற சொல்லைக் கடன் வாங்கி வந்து புகுத்தினர். கொலென்சோ ஊர் ஊராய்ச் சென்று கேட்டு, மக்களிடையே ‘உன்குலுன்குலு’ என்ற சொல் ஏற்கெனவே வழங்குவதைக் கண்டு, அதுவே இறைவனுக்குரிய பெயர் என்றார். மிக மிகப் பெரியவன், மிக மிக மூத்தவன் என்பது அதன் கருத்து. ஹென்றி காலவே என்ற மற்றொரு பாதிரியார் இதை மறுத்தார். அச்சொல் முதல் மனிதனை, மூதாதையைக் குறிப்பது என்றார் அவர். ‘பெரியவர்’ என்ற நம் சொல் சூழலுக்கேற்ப இறைவனையும் குறிக்கலாம், வீட்டுப் பாட்டனாரையும் குறிக்கலாம் அல்லவா? ஒரு சொல்லுக்கு ஒரே பொருள் என்று அகராதி எழுதுவோர் அடம் பிடித்தால் இத்தகைய வழக்குகள் தீர்வதில்லை.

காலவே 1868 முதல் 1870 வரை ஜூலு மக்களின் சமய நம்பிக்கைகளை அவர்கள் சொன்னவாறே ஜூலுவிலும் ஆங்கிலத்திலுமாக வெளியிட்டார். அதிற் பெரும்பகுதியைச் சொன்னவர் ம்பெங்குலா ம்பாண்டா என்ற ஜூலுக் கிறிஸ்தவர். அந்நூல் இலண்டன் சேர்ந்தது. 1870இல் சமயங்களை ஒப்பிட்டு ஆராயும் புதிய விஞ்ஞானத்தைப் பற்றி மாக்ஸ் முல்லர் சொற்பொழிவாற்றினார். கிழக்கிந்தியக் கம்பெனியின் பொருளுதவியோடு ரிக் வேதத்தைப் பதிப்பித்த அதே முல்லர்தான். 1871இல் எட்வர்டு டைலர் தம் பெருநூலில், கனவில் இறந்தோரைக் காண்பதிலிருந்தே ஆவி நம்பிக்கையும் அதிலிருந்து சமயமும் தோன்றின என்று வாதித்தார். அவ்வாதத்துக்கு ஜூலுச் சான்றுகள் பெரிதும் பயன்பட்டன.

நேயர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ம்பாண்டா காலவேயிடம் சொன்னது, போரும் குடிபெயர்ப்பும் புதிய ஆட்சியும் கண்டு நிலை குலைந்திருந்த ஒரு சமூகத்தின் கதை. மூதாதையர் கனவில் வந்து வருத்துகின்றனர் என்று ஒருவன் அஞ்சினால், அம்மூதாதையரின் நிலம் யாரிடம் சென்றது என்பதும் அக்கதையில் அடங்கும். டைலரின் நூலில் அது மனித குலத்தின் ஆதி நிலைக்குச் சான்றாகிவிட்டது. தம் காலத்தவராகிய ஜூலு மக்களைப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முந்தியவர்போல் நிறுத்தினார். ‘சமயமே இல்லாதவர்’ என்ற பழைய பொய் போயிற்று. ‘சமயத்தின் குழந்தைப் பருவத்தில் நிற்பவர்’ என்ற புதிய முத்திரை விழுந்தது. இது முன்னேற்றந்தானா என்பதில் எனக்கு ஐயம் உண்டு.

இதே நேட்டாலில்தான், 1860 நவம்பர் 16ஆம் நாள், சென்னையிலிருந்து ட்ரூரோ என்ற கப்பல் 342 ஒப்பந்தக் கூலிகளை டர்பன் துறைமுகத்தில் இறக்கியது. அக்கப்பலின் பதிவேட்டில் ‘சாதி’ என்ற பத்தியில் சிலருக்கு எதிரே ‘கிறிஸ்தவர்’ என்று எழுதப்பட்டுள்ளது; வேறு சிலருக்கு ‘மலபார்’ என்று ஊரைக் குறிக்கும் சொல். சாதி எது, சமயம் எது, தேசம் எது என்று எழுத்தருக்கே தெளிவில்லை. வெளி மாநிலங்களில் வாழும் நாம் விண்ணப்பப் படிவங்களில் ‘மதம்’ என்ற கட்டத்தை ஒரு சொல்லால் நிரப்பிவிட்டு நகர்கிறோம். அந்தக் கட்டம் உலகெங்கும் வரையப்பட்டது ஏறக்குறைய இந்தக் காலத்திலேதான்.

கொலென்சோவுக்குத் திரும்புவோம். ஆராய்ச்சி அவரை நூலகத்தில் முடக்கிவிடவில்லை. 1873இல் ஹ்லூபி இனத் தலைவர் லங்காலிபலேலே துப்பாக்கிப் பதிவு தொடர்பான தகராறில் அரசாங்கத்துக்கு அஞ்சி மலைகடந்து ஓடினார். அவரைப் பிடித்து வந்து, ஆளுநரே நீதிபதியாய் அமர்ந்து விசாரித்து, ராபன் தீவுக்கு அனுப்பினர். வேதாகமத்தின் சான்றுகளை உரசிப் பார்த்த அதே முறையில் கொலென்சோ இவ்வழக்கின் சான்றுகளையும் உரசிப் பார்த்தார். அவை நிற்கவில்லை. ஷெப்ஸ்டனோடு கொண்டிருந்த இருபதாண்டு நட்பு அன்றே முறிந்தது. பிஷப் 1874இல் இலண்டன் சென்று முறையிட்டார். ஆளுநர் திரும்ப அழைக்கப்பட்டார். வெள்ளைக் குடியேறிகள் வேதாகம ஆராய்ச்சியையாவது பொறுத்தனர், இதைப் பொறுக்கவில்லை.

1879 ஜனவரியில் பிரிட்டிஷ் படை ஜூலு நாட்டின்மீது படையெடுத்தது. அம்மாதம் 22ஆம் நாள் இசண்டல்வானா என்ற இடத்தில் ஜூலுக்கள் அப்படையில் ஆயிரத்து முந்நூறு பேருக்குமேல் வீழ்த்தினர். இந்த ஜூலுக்கள் நம் தளபதிகளையும் தோற்கடிக்கிறார்கள், பிஷப்புகளையும் மாற்றிவிடுகிறார்கள் என்று பிரதமர் டிஸ்ரேலி வேடிக்கையாகக் கூறியதாக ஒரு வழக்கு உண்டு. மாண்டவர்க்காக நேட்டாலில் வழிபாட்டு நாள் குறிக்கப்பட்டது. கோவில் நிரம்பியிருந்தது, மக்கள் பழிக்குப் பழி என்று கொதித்துக் கொண்டிருந்தனர். கொலென்சோ எடுத்துக்கொண்ட வாசகம், நீதி செய், இரக்கத்தை விரும்பு, இறைவன்முன் தாழ்மையாய் நட என்ற மீகா தீர்க்கதரிசியின் கட்டளை. நாம் ஜூலுக்களிடம் நீதி செய்தோமா, இரக்கம் காட்டினோமா என்று தம் சபையாரைப் பார்த்தே கேட்டார். நிகிடி முன்பு எழுப்பிய அறத்தின் கேள்வி, இப்போது வேதாகமத்தின் வாசகத்தோடு சாம்ராஜ்யத்தின்மேல் திரும்பியது.

போரில் தோற்ற மன்னர் செட்ஷ்வாயோவுக்காக அவர் எஞ்சிய நாட்களைச் செலவிட்டு, 1883 ஜூன் 20ஆம் நாள் மறைந்தார். ஜூலுக்கள் அவரை ‘சோபாண்டு’, மக்களின் தந்தை, என்று அழைத்தனர். அடுத்த ஆண்டு அவருடைய இல்லம் தீக்கிரையாயிற்று. மகள் ஹாரியட் 1932இல் இறக்கும் வரை ஜூலு அரச குடும்பத்துக்காக வாதாடி வந்தார்.

எகுகன்யேனியில் ஓர் அச்சுக்கூடம் இருந்தது. அங்கே எழுத்துக் கோக்கப் பழகியவர் மகேமா ஃபூசே; 1859இல் நிகிடியோடு மன்னரைக் காணச் சென்ற இளைஞர்களுள் ஒருவர். பிஷப்பின் நூல்களை அச்சிட்டு வந்த அவர், முதுமையில் கறுப்பு மக்களின் தோற்றத்தையும் வரலாற்றையும் தம் மொழியிலேயே எழுதி முடித்தார். ஜூலு ஒருவர் ஜூலு மொழியில் எழுதி அச்சேறிய முதல் பெருநூல் அது. 1922இல் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் வெளிவந்தது. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 1979இல் வெளிவந்தது.