ஏ-40 ஆ, மொறிஸ் மைனரா? யாழ்ப்பாணத்துப் பழைய கார்களின் வரலாறு

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை முதன்முதலாக வாங்க விரும்பும் இளைஞர்கள் நமது புலம்பெயர் சமூகத்தில் இன்று பலர் இருக்கின்றனர். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் ஒஸ்லோவிலும் வளர்ந்த பிள்ளைகள், 1989 இல் அறிமுகமான மாஸ்டா எம்.எக்ஸ்-5 நல்லதா, வேறொன்று நல்லதா என்று விவாதிப்பதைப் பலரும் கேட்டிருப்பீர்கள். துருப்பிடித்திருக்கிறதா, முன்னைய உரிமையாளர் ஒழுங்காகப் பராமரித்தாரா, உதிரிப்பாகம் கிடைக்குமா, காப்புறுதிக்கு எவ்வளவு போகும் என்பவையே அவர்களுடைய கேள்விகள்.

இவர்களுடைய பாட்டன்மாரும் யாழ்ப்பாணத்தில் ஏறத்தாழ இதே கேள்விகளைத்தான் கேட்டனர். ஆனால், அவர்கள் முன் நின்ற கார்கள் ஸ்போர்ட்ஸ் கார்கள் அல்ல. ஒன்று ஒஸ்ரின் ஏ-40. மற்றையது மொறிஸ் மைனர். இவற்றில் எதனைத் தெரிவு செய்வது என்ற கேள்விக்குக் குடாநாட்டில் காலத்துக்குக் காலம் வெவ்வேறு விடைகள் கிடைத்தன. அந்த விடைகளை வரிசையாக அடுக்கினால், அதுவே யாழ்ப்பாணத்தின் அரை நூற்றாண்டு வரலாறாகிவிடும்.

முதலில் இந்த இரண்டு கார்களையும் பார்ப்போம். ஏ-40 என்ற பெயரில் ஒஸ்ரின் நிறுவனம் பல கார்களை வெளியிட்டது. 1947 இல் டெவன், 1952 இல் சோமர்செற், 1954 இல் கேம்பிறிட்ஜ் எனப் பெயர்கள் மாறின. உருண்டு திரண்ட உடலமைப்புக் கொண்ட சோமர்செற் 1952 முதல் 1954 வரை மட்டுமே தயாரிக்கப்பட்டது. 1200 சீ.சீ. எஞ்சின், 42 குதிரைவலு, நான்கு கதவுகள் ஆகியன அதன் அடையாளங்கள். கியர் தடி ஸ்ரேரிங் அடியிலேயே இருந்தபடியால் முன்னாசனத்திலும் நெருக்கமாக ஆட்களை ஏற்றலாம்.

மொறிஸ் மைனர் 1948 இல் வெளிவந்தது. அதனை வடிவமைத்தவர் அலெக் இஸிகோனிஸ். பின்னர் 1959 இல் உலகப் புகழ்பெற்ற மினி காரை உருவாக்கியவரும் இவரே. பிரித்தானியக் கார்களில் 10 இலட்சம் என்ற எண்ணிக்கையை முதன்முதலில் எட்டியது மொறிஸ் மைனர்தான். எஞ்சின் சிறியது, பெற்றோல் செலவு குறைவு, ஸ்ரேரிங் இலகுவானது. இரு புறமும் வேலி நெருக்கும் யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் வளைத்துத் திருப்புவதற்கு இதனை விஞ்சிய கார் அக்காலத்தில் அரிது.

1952 இல் ஒஸ்ரின் நிறுவனமும் மொறிஸ் நிறுவனமும் இணைந்து பிரிட்டிஷ் மோட்டார் கோப்பரேஷன் ஆகின. இதன்பின் ஒஸ்ரினின் சிறிய எஞ்சின் மொறிஸ் மைனருக்குள்ளும் வந்தது. 1958 இல் வெளிவந்த ஒஸ்ரின்-ஹீலி ஸ்பிறைற் என்ற ஸ்போர்ட்ஸ் காரிலும் இதே குடும்பத்து 948 சீ.சீ. எஞ்சின்தான் பொருத்தப்பட்டது. மைனரில் ஒரு காபரேற்றர், ஸ்பிறைற்றில் இரண்டு. மைனரில் 37 குதிரைவலு, ஸ்பிறைற்றில் 43. ஸ்பிறைற்றின் ஸ்ரேரிங் அமைப்பும் மைனரிலிருந்து எடுக்கப்பட்டதே. ஆகவே, யாழ்ப்பாணத்து ஆசிரியர் ஒருவர் பாடசாலைக்கு ஓட்டிச் சென்ற காருக்கும் இங்கிலாந்தில் பந்தயத்துக்கு ஓடிய காருக்கும் இடையில் இரத்த உறவு இருந்தது எனலாம்.

அமைதிக் காலத்தில் தெரிவு எளிதாகவே இருந்தது. வாடகைக்கு ஓட்ட நினைத்தவருக்கு நான்கு கதவும் அகன்ற இருக்கையும் தேவை. கல்யாண வீடு, ஆஸ்பத்திரி, புகையிரத நிலையம் என்று குடும்பமாக ஏற்றிச் செல்ல வேண்டியவருக்கு ஏ-40 பொருந்தியது. ஓய்வூதியம் பெறுபவர், ஆசிரியர், அரசாங்க உத்தியோகத்தர் முதலானோரின் சொந்தப் பாவனைக்கு மைனர் போதுமானது. குடாநாடு மேடு பள்ளமற்ற சமதரை. மலைநாட்டில் கார் வாங்குபவரைப் போல ஏற்றத்தைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை. நாற்பது குதிரைவலு தாராளம்.

யோசிக்க வேண்டியது உப்பைப் பற்றியே. மூன்று புறமும் கடலும் உள்ளே கடல்நீரேரியும் சூழ்ந்த நிலம் அது. சோமர்செற்றின் உடல், செசி எனப்படும் தனியான அடிச்சட்டத்தின்மீது பொருத்தப்பட்டது. தகடு துருப்பிடித்தாலும் சட்டம் நின்று பிடிக்கும். தகட்டை வெட்டி ஒட்டிக்கொள்ளலாம். மைனரில் உடலும் சட்டமும் ஒன்று. அடித்தகடு துருப்பிடித்தால் காரின் முதுகெலும்பே பழுதாகிவிடும். அத்துடன், மைனரின் முன்சில்லைத் தாங்கும் கீழ்மூட்டுக்கு ஒழுங்காகக் கிறீஸ் போடாவிட்டால், தேய்ந்து கழன்று, ஓடிக்கொண்டிருக்கும்போதே சில்லு சரிந்துவிடும். எனவே மைனர் வாங்கச் செல்பவர் பளபளக்கும் பூச்சைப் பாராமல், குனிந்து காரின் அடிப்பாகத்தைப் பார்ப்பதே புத்தி. இங்கிலாந்தில் பழைய மைனர் வாங்குவோருக்கு இன்றும் கூறப்படும் அறிவுரை இதுவே.

பழைய கார் ஒன்றின் இலக்கத் தகட்டுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1956 வரை பதிவான கார்கள் 'ஈஎல்', 'ஈஎன்', 'ஈவை' போன்ற ஆங்கில எழுத்துகளைத் தாங்கின. 1957 ஜனவரி முதல் புதிய வாகனங்களில் சிங்கள 'ஸ்ரீ' எழுத்துக் கட்டாயமாக்கப்பட்டது. சிங்களம் மட்டும் சட்டம் நிறைவேறி ஏழு மாதங்கள்கூட ஆகாத காலம் அது. தமிழரசுக் கட்சி இதனை எதிர்த்துப் போராடியது. சிங்கள எழுத்துக்குப் பதிலாகத் தமிழ் எழுத்தை எழுதிக்கொண்டு வாகனங்களை ஓட்டினர். 1958 ஜனவரியில் பஸ் சேவைகள் தேசியமயமாக்கப்பட்டன. சில மாதங்களில் சிங்கள ஸ்ரீ பொறித்த அரசாங்க பஸ்கள் வடக்கிற்கு அனுப்பப்பட, அவ்வெழுத்தின்மீது தார் பூசப்பட்டது. தெற்கில் தமிழ் எழுத்துகள்மீது தார் பூசப்பட்டது. ஏப்ரலில் பண்டா-செல்வா ஒப்பந்தம் கிழித்தெறியப்பட்டது. மே மாதத்தில் இனக்கலவரம் வெடித்தது. ஓர் இலக்கத் தகட்டின் எழுத்து ஒரு நாட்டை எங்கே கொண்டு சென்றது என்பதை இங்கு விரித்துரைக்கத் தேவையில்லை. சோமர்செற் தயாரிப்பு 1954 இலேயே நின்றுவிட்டதால், அந்தக் கார்கள் பெரும்பாலும் ஆங்கில எழுத்துகளுடனேயே நின்றன. 1971 வரை தயாரிக்கப்பட்ட மைனரோ இரண்டு காலத்தின் தகடுகளையும் தாங்கி நின்றது.

அறுபதுகளின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடி காரணமாகக் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1970 முதல் 1977 வரையான மூடிய பொருளாதாரக் காலத்தில் நிலைமை மேலும் இறுகியது. அதே காலத்தில் மிளகாய், வெங்காய இறக்குமதித் தடையால் யாழ்ப்பாண விவசாயிகளின் கையில் பணம் புழங்கியது. பணம் இருந்தது, புதிய கார் இல்லை. முதன்முதலாகக் கார் வாங்கிய ஒருவர் இருபது வருடப் பழைய காரையே வாங்கவேண்டியிருந்தது. இதனால் மதிப்பு உயர்ந்தது காருக்கு மட்டுமல்ல. அதனைத் திருத்தத் தெரிந்தவருக்கும்தான். கிடைக்காத பாகத்தை லேத் பட்டறையில் கடைந்தெடுக்கும் கைவினை வளர்ந்தது. 1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் ஜப்பானியக் கார்கள் வந்தன. அத்துடன் ஏ-40 இன் காலம் முடிந்தது என்றே பலரும் நினைத்திருப்பர். முடிந்திருக்கவும் வேண்டும். யுத்தம் அதனை முடியவிடவில்லை.

1990 ஜூனில் இரண்டாம் கட்ட ஈழப்போர் தொடங்கியது. குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பெற்றோல், டீசல், பற்றறி, வாகன உதிரிப்பாகங்கள் என நீண்ட பட்டியலொன்று தடைசெய்யப்பட்டது. ஆனையிறவுப் பாதை மூடப்பட்டு, கிளாலிக் கடல்நீரேரியை இரவில் படகில் கடப்பதே வெளியுலகத் தொடர்பாக இருந்த காலமும் வந்தது. அதுவரை பெருமையாக ஓடிய புதிய ஜப்பானியக் கார்கள் வீட்டு முற்றங்களில் முடங்கின. ஒதுக்கி வைத்திருந்த ஒஸ்ரின்களும் மொறிஸ்களும் வீதிக்கு வந்தன. அவை ஓடியது மண்ணெண்ணெயில்.

இது எவ்வாறு சாத்தியமாயிற்று என்பதை இன்றைய தலைமுறை அறிந்துகொள்ள வேண்டும். எஞ்சின் ஒன்று எரிபொருளும் காற்றும் சேர்ந்த கலவையை எத்தனை மடங்கு நெருக்குகிறது என்பதே அதன் அமுக்க விகிதம். நெருக்கம் கூடினால் வேகமும் வலுவும் கூடும்; ஆனால் தரமான பெற்றோல் வேண்டும். மண்ணெண்ணெய் கூடிய நெருக்கத்தைத் தாங்காது. தட்டல் எழுப்பி எஞ்சினை நாசமாக்கும். சோமர்செற்றின் அமுக்க விகிதம் 7.2. ஆரம்பகால மைனரில் அது 7 ஐயும் எட்டவில்லை. 948 சீ.சீ. மைனரிலும் ஸ்பிறைற்றிலும் 8.3. பின்னர் வந்த ஸ்போர்ட்ஸ் கார்களில் இன்னும் அதிகம். ஆக, காரின் வேகம் கூடக்கூட மண்ணெண்ணெய்க்கு அது ஒவ்வாததாயிற்று. சாதாரண காலத்தில் ஒரு காரை உயர்த்தும் குணங்களே முற்றுகைக் காலத்தில் அதனை உதவாததாக்கின.

இன்னொரு சிக்கலும் உண்டு. மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் ஆவியாகாது. எனவே, சிறிய போத்தலில் காப்பாற்றி வைத்த பெற்றோலில் சில துளிகளைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினை இயக்குவர். சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். இங்கிலாந்தில் இரண்டாம் உலகப் போரின் பின் ஃபேர்குசன் உழவு இயந்திரங்களிலும் இதே முறை இருந்தது. ஆனால், அவை அதற்கென்றே வடிவமைக்கப்பட்டவை. யாழ்ப்பாணத்தில் அதனைக் கராஜ்காரர்கள் தாமே செய்தனர். எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் ஓரமாக இறங்கி எஞ்சின் ஒயிலை நீர்த்துப்போகச் செய்யும். கரும்புகை கண்ணைக் கரிக்கும். விளக்கும் நீரிறைக்கும் இயந்திரமும் அதே மண்ணெண்ணெயை நம்பியிருந்த காலத்தில் கார் ஓடுவதே ஆடம்பரம்தான். ஆனால், நள்ளிரவில் பிரசவ வேதனைப்பட்ட பெண்ணுக்கு அது ஆடம்பரமாக இருக்கவில்லை.

கியூபாவிலும் பழைய அமெரிக்கக் கார்கள் தடைகளினால் உயிர்வாழ்ந்தன. அங்கு அவற்றைப் பார்க்க உல்லாசப் பயணிகள் வருகின்றனர். இங்கோ, 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஒரே இரவில் வெளியேறி நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தபோது, எத்தனையோ கார்கள் வீட்டு முற்றங்களில் விடப்பட்டன. 1996 இல் மக்கள் திரும்பியபோது வீடுகளைப் போலவே அவையும் எல்லாம் எஞ்சியிருக்கவில்லை.

இதிலே கசப்பான முரண் ஒன்று உண்டு. இதே தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தென்னிலங்கையில் பிரித்தானியக் கூட்டுமுயற்சி ஒன்றினால் மொறிஸ் மைனர் உதிரிப்பாகங்கள் தயாரிக்கப்பட்டு இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாகின. கடல் கடந்து செல்ல முடிந்த பாகம் ஆனையிறவைக் கடந்து வரமுடியவில்லை.

2002 இல் போர்நிறுத்தத்தைத் தொடர்ந்து ஏ-9 பாதை திறந்தது. 2006 ஓகஸ்டில் மீண்டும் மூடப்பட்டது. 2009 இல் யுத்தம் முடிந்தது. புதிய வாகனங்கள் வந்து நிறைந்தன. வாடகைக் காரின் இடத்தை ஓட்டோக்கள் பிடித்தன. 2020 மார்ச்சில் நாடு முழுவதற்கும் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியிலேயே தனியார் வாகனங்களுக்கு மீண்டும் அனுமதி கிடைத்தது. 2022 இல் முழு இலங்கையும் எரிபொருளுக்கு வரிசையில் நின்றது. யாழ்ப்பாணம் அந்தப் பாடத்தை முன்னரே படித்திருந்தது. ஆனால், கணினி கட்டுப்படுத்தும் இன்றைய எஞ்சினுக்குப் போத்தல் பெற்றோலும் மண்ணெண்ணெயும் மருந்தாகா.

ஆகவே, எந்தக் காரை வாங்குவது என்ற கேள்விக்கு யாழ்ப்பாணம் கண்ட விடை இதுதான்: எது உன் ஊரில், உன் அயலவரின் கையால் திருத்தப்படக்கூடியதோ அதை வாங்கு. ஸ்போர்ட்ஸ் கார் தேடும் நமது பேரப்பிள்ளைகளுக்கும் இது பொருந்தும்.

எஞ்சியுள்ள ஏ-40 களும் மைனர்களும் இப்போது பழம்பொருள் சேகரிப்பாளர்களின் கண்ணில் பட்டிருக்கின்றன. கார்கள் விலைபோவது குற்றமல்ல. ஆனால் அவற்றை மண்ணெண்ணெயில் ஓடவைத்தவர்களின் அறிவு எந்த ஏட்டிலும் முறையாகப் பதியப்படவில்லை. அவர்களிற் பலர் முதுமையடைந்துவிட்டனர். வீட்டில் பழைய காரின் பதிவுப் புத்தகமோ, கராஜ் பற்றுச்சீட்டோ, கல்யாணக் கார்ப் படமோ இருந்தால் வாசகர்கள் தயவுசெய்து எறிந்துவிட வேண்டாம். கார் திருத்திய முதியவர் ஒருவர் உங்கள் ஊரில் இருந்தால், அவர் சொல்வதை இந்த வருடமே எழுதி வையுங்கள். அடுத்த வருடம் பிந்திப்போகலாம்.