மன் குடும்பத்தின் கடற்கரை விடுமுறைகள்

1926ஆம் ஆண்டு ஆகஸ்ட் இறுதியில், ஜெர்மானிய நாவலாசிரியர் தாமஸ் மன்னும் அவர் மனைவி காத்யாவும் தம் ஆறு பிள்ளைகளில் இளையவர்களான எலிசபெத்தையும் மிஷாயேலையும் அழைத்துக்கொண்டு மியூனிக் நகரிலிருந்து இத்தாலிக்குப் புறப்பட்டனர். எலிசபெத்துக்கு அப்போது எட்டு வயது, மிஷாயேலுக்கு ஏழு. போய்ச் சேர்ந்த இடம் டஸ்கனிக் கரையிலுள்ள ஃபோர்த்தே தெய் மார்மி. ஊரின் பெயருக்குப் 'பளிங்குகளின் கோட்டை' என்று பொருள். அருகிலுள்ள மலைகளில் வெட்டியெடுத்த பளிங்கைக் கப்பலேற்றிய துறை அது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பளிங்குக்குப் பக்கத்திலேயே குடைகளும் குளியல் குடில்களும் முளைத்து, பணக்காரர்களின் கோடை வாசஸ்தலமாயிற்று.

குளிர்நாட்டு நடுத்தர வர்க்கத்தினருக்கு ஆல்ப்ஸைத் தாண்டித் தெற்கே செல்வதென்பது கிட்டத்தட்ட ஒரு பண்பாட்டுக் கடமை. வெயில், கடல், ஓவியம், திராட்சை மது எல்லாம் அங்கேதான். ஆனால் இவர்கள் போன இத்தாலி முசோலினி ஆட்சிக்கு வந்து நான்காண்டு ஆகவிருந்த இத்தாலி. அந்த செப்டம்பர் 11 அன்றுதான் கராரா பகுதியைச் சேர்ந்த அராஜகவாதியான பளிங்குத் தொழிலாளி ஜீனோ லுச்செத்தி, ரோமில் முசோலினியின் கார்மீது குண்டு வீசினார். குறி தப்பியது. கடற்கரையில் மணல்வீடு கட்டிக்கொண்டிருந்த குழந்தைகளுக்கு இதெல்லாம் தெரிந்திருக்க நியாயமில்லை. பெரியவர்களுக்கோ காற்றில் ஏதோ கெட்டிருப்பது தெரிந்தது. அந்நியர்மீது ஒருவித எரிச்சல் நிலவுவதையும், அதனால் நேர்ந்த சிறு கசப்புகளையும் மன் அங்கிருந்தபடியே கவிஞர் ஹோஃப்மன்ஸ்தாலுக்கு எழுதினார்.

அக்கசப்புகள் பின்னர் 1930இல் 'மாரியோவும் மந்திரவாதியும்' என்ற குறுநாவலாயின. கதையில் வரும் குடும்பம், குழந்தைக்கு வந்த கக்குவான் இருமலின் மிச்சம் ஓர் உயர்குடிப் பெண்மணியின் காதில் விழுந்ததற்காகப் பெரிய விடுதியிலிருந்து வெளியேற நேர்கிறது. தொற்று அபாயமில்லை என்று மருத்துவர் சொன்னதும் எடுபடவில்லை. பிறகு கரையில் அந்தச் சம்பவம். எட்டு வயதுச் சிறுமி, மணல் ஒட்டிய நீச்சலுடையை அலசுவதற்காகக் கழற்றிவிட்டு நாலெட்டு நடந்து தண்ணீருக்குப் போய்த் திரும்புகிறாள். கூட்டம் கூடிவிடுகிறது. தேசத்தின் மானம் போய்விட்டது என்று ஒரு கனவான் சொற்பொழிவே ஆற்றுகிறார். விவகாரம் அதிகாரிகள் வரை சென்று, ஐம்பது லிரா அபராதத்தில் முடிகிறது. இது புனைவல்ல, தனக்கு நேர்ந்ததுதான் என்று எலிசபெத் பிற்காலத்தில் கூறியிருக்கிறார்.

கதையின் புகழ்பெற்ற பிற்பகுதி மனவசியக்காரன் சிப்போல்லாவைப் பற்றியது. அவனுக்கும் மேடையில் அவன் அவமானப்படுத்தும் பரிசாரகன் மாரியோவுக்கும் அசல் மனிதர்கள் உண்டு. கதையில் மாரியோ அவனைச் சுட்டுக்கொல்கிறான். நிஜத்திலோ அந்தப் பரிசாரகன் மறுநாள் உற்சாகமாகத் தேநீர் பரிமாறிக்கொண்டே, மந்திரவாதியின் திறமையைப் புகழ்ந்துகொண்டிருந்தான். நடந்ததைக் கேட்ட மூத்த மகள் எரிகாதான், அவன் சுட்டிருந்தாலும் தான் வியந்திருக்கமாட்டேன் என்று சொல்லி, முடிவை எடுத்துக்கொடுத்தாள். விமரிசகர்கள் பெரும்பாலும் இந்தத் துப்பாக்கியையே பேசுகிறார்கள். அந்த ஐம்பது லிரா அபராதம் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுகிறது. ஒரு சர்வாதிகாரம் விருந்தாளியின் கண்ணில் முதலில் படுவது சிறைச்சாலையாக அன்று. குழந்தையின் குளியலைக் கண்டு புண்படும் ஒரு கூட்டமாக.

இத்தனைக்குப் பின்னும் ஏன் ஊர் திரும்பவில்லை என்று கதைசொல்லி தன்னையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொள்கிறார். உருப்படியான விடை அவரிடம் இல்லை. பெட்டி படுக்கையைக் கட்டுவதில் சோம்பல், குழந்தைகளின் ஆசை, இதற்கெல்லாம் பயந்து ஓடுவதா என்ற வீம்பு. யோசித்தால், அடுத்த சில ஆண்டுகளில் ஜெர்மனியிலேயே இருந்துவிட்ட பலரிடமும் இவற்றைவிடப் பெரிய காரணம் இருக்கவில்லை.

இக்கதை எழுதப்பட்டதும் ஒரு கடற்கரை விடுமுறையில்தான். 1929 கோடையில் பால்டிக் கரையிலுள்ள ரவ்ஷனுக்குக் குடும்பம் சென்றபோது, எழுதிக்கொண்டிருந்த யோசேப்பு நாவலுக்கான தாள்மூட்டையைச் சுமக்க மனமின்றி, குறிப்புகள் தேவைப்படாத வேலையாக இதை எடுத்துக்கொண்டார் மன். குளிப்பவர்களின் கூச்சலுக்கு நடுவே, மணலில் போட்ட பிரம்பு நாற்காலியில் அமர்ந்து எழுதினார். அங்கிருந்து கூரோனிய மணல்நாக்கிலுள்ள நிட்டன் என்ற மீனவக் கிராமத்தைப் பார்க்கப் போனவர்கள் அதில் சொக்கிப்போனார்கள். அவ்வாண்டே நோபல் பரிசு கிடைத்தது. அப்பணத்தின் ஒரு பகுதியில் அங்கே நாணல் வேய்ந்த வீடொன்று எழுந்தது. மியூனிக்கிலிருந்து ஏறத்தாழ ஜெர்மனி முழுவதையும் ரயிலில் கடந்து, கிரான்ஸிலிருந்து நீராவிப் படகில் காயலைத் தாண்டிச் செல்லவேண்டும். அதுவும் வெளிநாடே; 1923 முதல் லித்துவேனியாவின் ஆளுகையில் இருந்த பகுதி. பைன் மரங்களினூடே காயல் தெரியும் காட்சிக்கு 'இத்தாலியக் காட்சி' என்று பெயர் என்பதை எந்த நாவலாசிரியரும் துணிந்து கற்பனை செய்திருக்கமாட்டார்.

அங்கே கழிந்தவை மூன்றே கோடைகள்: 1930, 1931, 1932. மூன்றாம் கோடையில் தபாலில் ஒரு பொட்டலம் வந்தது. உள்ளே, 'புடன்புரூக்ஸ்' நாவலின் பாதி எரிந்த பிரதி. நாஜிகளைக் கண்டித்து எழுதியதற்கு மறுமொழி அது. மன் அந்தக் கரிந்த தாள்களைப் பத்திரப்படுத்தினார். கோடை முடிந்ததும் வழக்கம்போல் மியூனிக்குக்குத் திரும்பினார்.

1933 பிப்ரவரியில் வாக்னர் பற்றிச் சொற்பொழிவாற்ற ஆம்ஸ்டர்டாம், பிரஸ்ஸல்ஸ், பாரிஸ் சென்ற தம்பதியர், களைப்பாறச் சுவிட்சர்லாந்தின் அரோசாவுக்குப் போனார்கள். மார்ச்சில் பவேரியாவும் நாஜிகள் கைக்குப் போனது. எரிகாவும் கிளவுஸும் மியூனிக்கிலிருந்து தொலைபேசியில், ஒட்டுக்கேட்பவர்களுக்கு அஞ்சி, இங்கே வானிலை மோசம், அங்கேயே இருங்கள் என்றனர். இங்கும் வானிலை மோசம்தான் என்று தந்தை வெள்ளந்தியாகப் பதிலளித்தார். அவர்களுக்குப் புரிய சற்று நேரமாயிற்று. பெட்டியில் இருந்ததோ சில வாரங்களுக்கான துணிமணி. அவ்வாண்டின் கோடை பிரெஞ்சுக் கடற்கரையான சனாரியில் கழிந்தது; அக்கரையில் அப்போது உலவியவர்களில் பலர் நாடிழந்த ஜெர்மானிய எழுத்தாளர்கள். 1936 இறுதியில் மன்னின் குடியுரிமை பறிக்கப்பட்டது. 1939இல் மேமல் பகுதியை ஹிட்லர் இணைத்துக்கொண்டபின் நிட்டன் வீடும் பறிபோனது. இன்று அது லித்துவேனியாவின் நிதாவில் மன் நினைவில்லமாக இருக்கிறது.

அபராதம் விதிக்கப்பட்ட சிறுமி, 1939இல் முசோலினிக்கு எதிராக நின்று நாடிழந்த இத்தாலிய அறிஞர் போர்கேசேயை மணந்தாள். 1967இல் மால்ட்டாவின் தூதர் அர்விட் பார்தோ ஐ.நா.வில், கடலடித்தளம் எந்த நாட்டுக்கும் சொந்தமன்று, மனிதகுலத்தின் பொதுச்சொத்து என்று வாதிட்டபோது, அவ்வழக்கைத் தன் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டார் எலிசபெத் மன் போர்கேசே. 1972இல் சர்வதேசப் பெருங்கடல் நிறுவனத்தை மால்ட்டாவில் தொடங்கினார், சென்னை ஐ.ஐ.டி.யிலும் அதற்கொரு மையம் அமைந்தது. 1982இன் கடற்சட்ட ஒப்பந்தத்தில் அந்தப் பொதுச்சொத்துக் கொள்கை இடம்பெற்றது. கனடாவில் ஹாலிஃபாக்ஸ் அருகே, அலையோசை கேட்கும் வீட்டில் நாய்களுடன் வாழ்ந்த அவர், 2002 பிப்ரவரியில் சுவிட்சர்லாந்துக்கு விடுமுறைக்குச் சென்ற இடத்தில் காலமானார்.