செங்குன்றும் சயாம் இருப்புப்பாதையும்

புக்கிட் மேரா என்றால் செங்குன்று. அக்குன்று சிவந்ததற்கு ஊரார் கூறும் காரணம் ஒன்றுண்டு. வாள்மீன்கள் கரையில் பாய்ந்து மக்களைக் கொன்ற காலத்தில், வாழைமரத் தண்டுகளை அரணாக நிறுத்தினால் மீன்களின் அலகு அவற்றிற் சிக்கும் என்று ஒரு சிறுவன் வழி சொன்னானாம். ஊர் பிழைத்தது. அவன் அறிவைக் கண்டு அஞ்சிய அரசன் அவனைக் கொல்வித்தான். அக்குருதியே குன்றைச் சிவப்பித்தது என்பர். சிறுவனின் கதை ‘செஜாரா மெலாயு’ நூலிலும் உண்டு. கதை மெய்யோ பொய்யோ, ஊர் மீண்டதைச் சொல்லும்போதே அதற்குப் பலியானவனையும் அது சொல்லிவிடுகின்றது. நாடுகள் தம் விடுதலைக் கதையைச் சொல்லும்போது இந்நேர்மையைக் காண்பது அரிது.

பிரெஞ்சு நாட்டைப் பாருங்கள். 1944 ஆகஸ்ட் 25 அன்று பாரிஸ் நகர மண்டபத்தில் தளபதி டி கால் பேசியபோது, அந்நகரம் தன்னைத் தானே விடுவித்துக்கொண்டது என்றார். மறைந்திருந்து போராடியவர்களின் வீரத்தை யாரும் மறுக்கவில்லை. ஆயினும் 1942 ஜூலை 16, 17 ஆகிய நாட்களில் ஏறத்தாழ 13,000 யூதரைப் பாரிஸிலும் அதன் சுற்றுப்புறத்திலும் வீடு வீடாகச் சென்று பிடித்தவர்கள் பிரெஞ்சுக் காவலர்களே. அதில் பிரெஞ்சு அரசுக்கு இருந்த பொறுப்பைக் குடியரசுத் தலைவர் ஷிராக் வெளிப்படையாக ஒப்புக்கொண்டது 1995இல்தான்.

பிறர் முதுகைப் பார்த்தது போதும். நம் கதைக்கு வருவோம்.

1943 ஜூலை 2 அன்று நேதாஜி சிங்கப்பூருக்கு வந்தார். அக்டோபர் 21 அன்று கேத்தே கட்டடத்தில் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசைப் பிரகடனம் செய்தார். மறுநாள் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் வாட்டர்லூ வீதியில் திறக்கப்பட்டது. இவற்றை நாம் அறிவோம்; மேடைதோறும் சொல்கின்றோம். சொல்லத்தான் வேண்டும். அதுகாறும் துரைக்கும் கங்காணிக்கும் கைகட்டி நின்ற தோட்டத் தமிழன், படையில் சேர்ந்தபின் தலைநிமிர்ந்து நடந்தான் என்பது சிறு செய்தியன்று.

ஆனால் அப்பிரகடனத்திற்கு நான்கு நாள் முன்னர், அக்டோபர் 17 அன்று, சயாம் காட்டில் வேறொன்று நிறைவேறியது. இரு முனைகளிலிருந்தும் போடப்பட்டுவந்த 415 கிலோமீட்டர் சயாம்-பர்மா இருப்புப்பாதை அன்றுதான் ஒன்றாக இணைந்தது. மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி கூலி என்று ஆசை காட்டியும், பின்னர் வெறும் பலவந்தத்தாலும், மலாயாவிலிருந்து 70,000க்கு மேற்பட்ட தொழிலாளரை ஜப்பானியர் அங்கே கொண்டு சென்றனர். அவர்களுட் பெரும்பாலோர் தமிழர். டில்லிக்கு வழிகாட்டுவதாகச் சொன்ன கையும், இவர்களை லாரியில் ஏற்றிய கையும் ஒன்றே. தோட்டத்து இளைஞர் சிலர் சயாமுக்குத் தப்புவதற்காகவே தேசிய ராணுவத்தில் சேர்ந்தனர் என்பதும் அக்காலத்தை அறிந்தோர் சொன்னதே. அதனால் அவர்களுடைய நாட்டுப்பற்று பொய்யாகிவிடாது. உயிரச்சமும் நாட்டுப்பற்றும் ஒரே நெஞ்சில் குடியிருக்கக்கூடியவை.

புக்கிட் மேராவின் ஓரத்தில், கெப்பல் சாலையில், 1932இல் திறக்கப்பட்ட பழைய ரயில் நிலையம் இன்றும் நிற்கின்றது. நேசநாட்டுப் போர்க்கைதிகள் பலர் சயாமுக்கு ஏற்றி அனுப்பப்பட்டது சிங்கப்பூர் ரயில் நிலையத்திலிருந்துதான். அப்பாதையில் உழைத்த கைதிகள் ஏறத்தாழ 60,000 பேர். மாண்டவர் 12,000க்கு மேல். அவர்களிடையே மருத்துவர் இருந்தனர். பெயர்ப்பட்டியல் எழுதி மறைத்து வைத்த அதிகாரிகளும் இருந்தனர். ஆகவே காஞ்சனபுரிக் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 பேருக்கு இன்று தனித்தனிக் கல்லறை உண்டு. மருத்துவரும் பட்டியலும் இல்லாத தமிழர் முகாம்களில், 1943 மழைக்காலத்து வாந்திபேதி குடும்பம் குடும்பமாக வாரிச் சென்றது. எத்தனை பேர் மாண்டனர் என்பதில் இன்றளவும் ஆய்வாளர்க்கு ஒத்த கருத்தில்லை. உயிரை எடுத்தவன் ஜப்பானியன். கணக்கை விட்டவர்கள் எல்லோருமே.

வெள்ளையரும் தமக்கு உவப்பான கதையையே காத்தனர். நேதாஜி 1945 ஜூலை 8 அன்று எஸ்பிளனேடில் அடிக்கல் நாட்டிய தேசிய ராணுவ நினைவுச் சின்னத்தை, மீண்டு வந்த சில நாட்களிலேயே இடித்துத் தள்ளினர். அவ்விடத்தில் 1995இல் அடையாளப் பலகை ஒன்று நிறுவப்பட்டது. பிரெஞ்சுத் தலைவர் வாய்திறந்த அதே ஆண்டு! இது தற்செயலே, இதில் பொருள் தேட வேண்டியதில்லை.

சயாமில் மாண்டவர்களை முதலில் நினைந்தவர்கள் வரலாற்றாசிரியர்களைக் காட்டிலும் கதையாசிரியர்களே எனலாம். மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ நாவலை மாணவர்க்குச் சொல்லாமல், தேசிய ராணுவத்தின் அணிவகுப்பை மட்டும் சொல்லும் ஆசிரியர் பாதிப் பாடமே நடத்துகின்றார்.

2023இல் காஞ்சனபுரியில் அத்தமிழர்களுக்கு ஒரு நடுகல் நாட்டப்பட்டது. வீழ்ந்தவனின் பெயரைக் கல்லில் பொறிப்பது நம் பழைய வழக்கம். இவர்களிற் பெரும்பாலோரின் பெயர் எங்கும் எழுதி வைக்கப்படவில்லை.